பேரில் பாதி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று தாயும் தகப்பனும் வைப்பது. மற்றது தோட்டம் போடுவது. பதினெட்டு வயது கழிந்து வேலைக்குச் சேர்ந்தால் 'பேர் பதிஞ்சாச்சு' என்போம். ஒரு நாள் வேலையை ஒழுங்காக முடித்தால் அன்றைக்கு ஒரு பேர். வேலை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். வேலைக்கு வராமல் திரிந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு இதில் விசேஷமாக ஒன்றும் தெரிந்ததில்லை. 'அரைப்பேர் போட்டுட்டான் பாவி' என்று கங்காணியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ரொட்டி சுடுவோம். ஒரு மனிதனின் பேரை எப்படி அரையாக்குவது என்று ஒருவரும் கேட்டதில்லை. செல்லசாமியின் மகன் மதுரன்தான் முதன்முதலில் கேட்டான். அதையும் எங்களிடம் கேட்கவில்லை. பஸாரில் பாண் சுட்டு விற்கிற பேக்கரிக் கடையில் போய்க் கேட்டான்.

உடப்புசல்லாவையிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால் இருக்கிறது எங்கள் தோட்டம். கார்த்திகை பிறந்துவிட்டால் மழை எங்களுடனேயே குடியிருக்கும். செல்லசாமியின் காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, லயத்து வரிசையில் கடைசி. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் ஆள் இல்லை என்பதற்காகவே அவன் மனைவி காளியாயி அதை விடாப்பிடியாகக் கேட்டு மாற்றி வாங்கினாள். தகரத்தில் மழை விழும் சத்தம் மதுரனுக்கு ஆகாது. அதோடு அடுத்த வீட்டு டீவியும் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவான். கடைசிக் காம்பராவில் மழை மட்டும்தான்.

மதுரனுக்குப் பத்தொன்பது வயது. நல்ல உயரம், தகப்பனின் தோள். யார் பேர் கேட்டாலும் "செ. மதுரன்" என்பான், வெறும் மதுரன் என்று சொல்லமாட்டான். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தட்டில் ஒன்றையொன்று தொடக்கூடாது. நாம் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைத்தால் அவனிடம் மாட்டிக்கொள்வோம். "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நடந்தால், "வரல, போறீங்க" என்பான். பக்கத்துக் காம்பரா ராசம்மா இதற்காகவே அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவள் ஒரு நாளைக்கு விடுகிற கதைக்கு அவன் பக்கத்தில் இருந்தால் கட்டுப்படியாகாது.

பஸார்ப் பாடசாலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு தனி வகுப்பு உண்டு. ஸஹ்லா டீச்சர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறவர், நாங்கள் நானா என்று அண்ணன் முறை சொல்லும் பாண் கடை நூர்தீனின் மகள். மதுரனுக்கு இருப்பது ஓட்டிசம் என்று நுவரெலியா டாக்டர் சொன்னதைக் காளியாயிக்கு விளங்குகிற மாதிரி சொன்னதும் அவர்தான். வயது கூடிவிட்டதால் மதுரனை அனுப்ப வேண்டி வந்த அன்று டீச்சர் கேட் வரைக்கும் வந்தார். "இனி இங்க வச்சிக்க ஏலாது அக்கா. ஒரு வேல பழக்குங்க. ஒரே எடம், ஒரே ஆளு, சத்தம் கொறவா. நேராச் சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க. செய்வான்" என்றார். காளியாயி தலையை ஆட்டினாள். மகனுக்கு அது விளங்கவில்லை. அதற்குப் பிறகும் காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைசீவி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்றான். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற அவசரத்தில் காளியாயி அவனை உள்ளே இழுப்பாள், அவன் வெளியே வருவான். கடைசியில் அவள் அந்தச் சட்டையை ஒளித்து வைத்தாள். அன்று முழுக்க அவன் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

செல்லசாமியைக் கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடியில்லை, சண்டையில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவன் கை வேகம் தோட்டத்துக்கே தெரியும். கோயில் கமிட்டியில் இருந்தவன். மதுரன் சின்னவனாயிருந்தபோது அம்மன் திருவிழாவில் தப்பு மேளச் சத்தம் எழும்பியதும் பிள்ளை தேருக்கு முன்னால் விழுந்து புரண்டு கத்தியது. பேய் என்றார்கள்; பூசாரி வேப்பிலையால் அடித்தார். செல்லசாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்தான். கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டான். அதற்குப் பிறகு மகனின் பேர் அவன் வாயில் வந்து நாங்கள் கேட்டதில்லை. மனைவியிடம் பேசும்போது 'ஒன் மகன்'. மற்றவர்களிடம் 'அவன்'.

இந்த வருஷம் அவன் மாத்தளைப் பக்கம் ஒரு விடுதியை விசாரித்து வைத்திருந்தான். இப்படியான ஆம்பளைப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற இடமாம். நல்ல மனிதர்கள், கட்டில் ஒன்று காலியாகப் போகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றான் ஒரு பின்னேரம், காளியாயி மா பிசைந்துகொண்டிருந்தபோது. "சுத்தமா இருக்கு. வேளைக்குச் சோறு. ஒன் மகனுக்கு அங்க ஒரு கொறையும் வராது."

"இங்க என்ன கொறை வந்திருச்சு?"

"இன்னைக்கு வரல. நாம ரெண்டு பேரும் கண்ண மூடினா யாரு பாக்குறது? கட்டிக் குடுத்த மக வினோதாவா? அவ கொட்டகலையில மாமியா வீட்டுல ஒரு காம்பராவுல ஏழு பேரோட கெடக்குறா. அவ தலையில கட்டுவியா?"

"இப்பவே கண்ண மூடிட்டோமா?"

"பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கும்."

"ஏங்க, அவனுக்கு மழ தெரியும், பீலி தெரியும், நூர்தீன் நானா கட தெரியும். அங்க போனா ஒரு மொகம் தெரியாது. அம்மாவக் காணோம்னு தேடுவான். சட்டையத் தேடினானே, அந்த மாதிரித் தேடுவான்." மாவை அடித்தாள். "அவனுக்கு இந்தத் தோட்டத்துல ஒரு பேர் பதிஞ்சுட்டா போதும். வேலைன்னு ஒன்னு இருந்தா ஆளுக அவனைப் பாக்குற பார்வ வேற. நாளைக்கு நாம இல்லாட்டியும் தோட்டத்து ஆளு. யாரும் வெரட்ட முடியாது."

"ஒன் மகன யாரு வேலைக்கு எடுப்பா?"

"எடுக்காட்டி நீங்க சொன்ன எடத்துக்கே அனுப்புறேன். நானே கூட்டிட்டுப் போறேன்."

மறுநாளே காளியாயி கண்டாக்கு ஐயாவின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். தோட்டத்து வெளிவேலை முழுவதுக்கும் பொறுப்பான மனிதர். முதலில் முடியாது என்றார், பிறகு பார்ப்போம் என்றார், அவள் போகாமலே நின்றதால் தவறணையில் விட்டுப் பார் என்றார்.

தவறணை என்றால் எங்களுக்குத் தேயிலைக் கன்று வளர்க்கிற இடம். பச்சை வலைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள். சலித்த மண்ணைப் பையில் நிரப்ப வேண்டும். ஓர் இலையோடு வெட்டிய தண்டை அதில் நட்டுத் தண்ணீர் விட வேண்டும். தகரக்கூரை இல்லை, மிஷின் இல்லை. வலையில் விழுகிற மழை சத்தம் போடாது. அழகுமுத்து கங்காணி அதிகம் பேசாத மனிதர். அவருக்கு வாயில் வெற்றிலை இருக்கும்போது பேச முடியாது, வாயில் வெற்றிலை இல்லாத நேரமும் கிடையாது. மதுரனுக்கு வாய்த்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

மதுரன் மண் நிரப்பினான். அவன் வேலை சுத்தம், வேகம் இல்லை. பையின் விளிம்பு மடங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவான். மண்ணில் புழு கிடந்தால் அதைக் கொண்டுபோய்த் தூரத்தில் விட்டுவிட்டு வருவான். சில நேரம் ஒரு பையைக் கையில் வைத்துக்கொண்டு வலையின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் விழுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் வேலை செய்கிற பெண்கள் இரண்டு பாத்தி முடிக்கும்போது அவன் ஒன்றைப் பாதிதான் முடித்திருப்பான். ஆனாலும் ஒரு நாளும் எழும்பி ஓடவில்லை. பின்னேரம் நகத்தில் மண்ணோடு வீட்டுக்கு வருவான். காளியாயி பீலியில் கொட்டுகிற தண்ணீரில் அவன் கையைக் கழுவிவிடுவாள். கழுவும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது பெரட்டுதான். இப்போது பல தோட்டங்களில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். எங்கள் கண்டாக்கு ஐயா பழைய மனிதர், கூப்பிடாவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. "மதுரன்" என்பார். "இருக்கேங்க" என்று மதுரன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வான். கொழுந்துப் பெண்கள் சிரிப்பார்கள். கவ்வாத்து ஆட்களின் வரிசையில் நிற்கிற செல்லசாமி கத்தியின் கூரைப் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதலில் சில வாரம் அழகுமுத்து கண்ணை மூடிக்கொண்டு முழுப்பேரே போட்டார். பிறகு சின்னத் துரை, தோட்டத்து உதவி மேனேஜர், தவறணைக்கு வந்து பைகளைப் பார்த்துவிட்டு, இது யாருடைய பாத்தி, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். மற்றப் பெண்களும் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று வேலை விடுகிற நேரம் அழகுமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, கண்டாக்கு ஐயாவிடம், "மதுரனுக்கு இனி அரைப்பேர் போடுங்க ஐயா" என்றார். மதுரன் பக்கத்திலேயே நின்றான்.

மறுநாள் பெரட்டில் "மதுரன்" என்று கண்டாக்கு ஐயா கூப்பிட்டார். பதில் இல்லை.

"மதுரன்!"

அவன் முன்னால்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டது தன்னைத்தானா என்ற சந்தேகத்தோடு சுற்றிலும் பார்த்தான். தவறணைக்கும் போகவில்லை, பெரட்டுக்களத்திலேயே மழையில் நின்றான். காளியாயி வேலையை விட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அடுத்த நாளும் அப்படியே.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தவறணைக்குப் பின்னால் இருக்கிற முனியாண்டி மறித்துவிட்டது என்றாள் ராசம்மா. கண்ணூறு என்றாள் மீனம்மா. வேலைக் கள்ளம், வேறொன்றும் இல்லை என்றான் செல்லசாமியோடு கவ்வாத்து வெட்டுகிற மூக்கன். ஒருவருக்கும் 'அரைப்பேர்' ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டில் மதுரன் சாப்பிடவும் இல்லை. காளியாயி ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒன்றை வைத்தால், "பாதி எங்க?" என்பான். மற்றப் பாதியையும் வைப்பாள். தட்டைத் தள்ளிவிட்டு மறுபடியும் "பாதி எங்க?" என்பான். இன்னொரு ரொட்டி சுட்டு வைத்தாள். அதற்கும் அதே கேள்வி. அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாம் நாளும் பதில் வராததும் கண்டாக்கு ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காளியாயி, நான் ஒனக்காகத்தான் எடுத்தேன். எனக்கும் மேல ஆளு இருக்காங்க. நாளைக்கும் வாயத் தெறக்கலேன்னா பேர வெட்டிருவேன், சொல்லிட்டேன்" என்றார். மதுரன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் செல்லசாமி இஸ்தோப்பில் நின்று விடுதிக்குப் போன் எடுத்தான். "ஞாயித்துக்கெழம கூட்டியாறோம்ங்க" என்று அவன் சொன்னது உள்ளே காளியாயிக்குக் கேட்டது. தான் கொடுத்த வாக்கு. மகனின் உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். ஒளித்து வைத்த வெள்ளைச் சட்டையும் அப்போதுதான் வெளியே வந்தது.

அந்த நேரத்தில்தான் பஸாரிலிருந்து வந்த கடைசி பஸ் கண்டக்டர் லயத்துக்குக் கீழே நின்று சத்தம் போட்டான். "காளியாயி அக்கா! நூர்தீன் நானா ஒங்கள ஒடனே வரச் சொன்னாரு! மகன் அங்க நிக்கிறான்!"

மதுரன் வழக்கம்போல் பாண் வாங்கப் போயிருந்தான். காளியாயி மழைக்குப் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினாள்.

கடையில் மதுரன் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று அடுக்கியிருந்த பாண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூர்தீன் நானா ஒரு மா மூட்டையைக் காட்டி, "முதல்ல இரிங்க தங்கச்சி, மூச்சு வாங்குது" என்றார். "புள்ளைக்கு ஒண்டுமில்ல. ஆனா இவன் கேட்டது எனக்குப் புடிபடல்ல."

"என்ன கேட்டான் நானா?"

"ஒவ்வொரு நாளும் இவனுக்குப் பாதிப் பாண்தானே வெட்டிக் குடுக்கிற. வெட்டினா ஒடனே கேப்பான், மத்தப் பாதி யாருக்கு எண்டு. அது வேற ஆளுக்கு எண்டு சொல்லுவன், சரி எண்டு போயிருவான். இண்டைக்குப் பாண வாங்க மாட்டேங்குறான். 'நானா, என் பேரு பாதி இங்க இருக்கா?' எண்டு கேக்குறான்."

காளியாயி மகனைப் பார்த்தாள்.

"'என்ன மகன் சொல்லுறாய்?' எண்டன். 'அழகுமுத்து கங்காணி என் பேர அரையாக்கிட்டாரு. மத்தப் பாதி வேற ஆளுக்குப் போயிருச்சா?' எண்டு கேட்டான். நான் கத்திய வச்சிட்டன். ஒங்கட தோட்டத்துல பேர வெட்டுறாங்களா, அது என்ன கத தங்கச்சி?"

காளியாயிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். ரொட்டியை இரண்டாகப் பிய்த்து வைத்ததெல்லாம் அவள் கண்முன்னால் வந்திருக்க வேண்டும். "நாங்க பேசுற பேச்சு நானா" என்றாள் கடைசியில். "அரைப்பேர்னா அரை நாள் சம்பளம். இத்தன வருசமா நான் எத்தன அரைப்பேர் வாங்கியிருக்கேன், எனக்குத் தோணவே இல்லையே இது." மகன் பக்கம் திரும்பினாள். "மதுரா, அது காசுடா. காசுதான் அரை."

"காசு அரை" என்றான் மதுரன். "பேரும் அரை. கங்காணி சொன்னாரு. நாளைக்கு மத்ததையும் வெட்டிருவேன்னு ஐயா சொன்னாரு."

நூர்தீன் நானா மகளுக்குப் போன் எடுத்து, நடந்ததைச் சொல்லி, காளியாயியிடம் கொடுத்தார். ஸஹ்லா டீச்சர் சொன்னார்: "அக்கா, அப்படி இல்ல, அப்படி இல்ல எண்டு அவனோட மல்லுக்கட்டாதீங்க. சொன்னது நாமதானே. மத்தப் பாதி எங்க இரிக்கு எண்டு அவனுக்குத் தெரியணும். அவ்வளவுதான் அவன் கேக்குற. அதுக்கு ஒரு பதில் குடுங்க. பொய்யா இருக்கக் கூடாது, புடிச்சிருவான்."

திரும்பி ஏறுகிற பாதையில் மழை விட்டிருந்தது. பாதையோரக் கானில் தண்ணீர் சலசலத்து ஓடியது. மதுரன் முன்னால் நடந்தான், காளியாயி பின்னால். பொய் சொல்லக் கூடாது, உண்மையும் அவனுக்கு ஆகவில்லை. பிறகு என்னத்தைச் சொல்வது என்று அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டே வந்தாள். பாதி ஏற்றத்தில் எதிரே வந்த ஒரு கிழவர் யாரோ, "யாரடா தம்பி நீ?" என்று கேட்டார். வழக்கமாக "செ. மதுரன்" என்கிறவன் அன்று ஒன்றும் சொல்லாமல் தாண்டிப்போனான்.

காளியாயி நின்றாள். "மதுரா, பள்ளிக்கூடத்துல ஒன் பேரு என்ன?"

"செ. மதுரன்."

"செ-ன்னா?"

"செல்லசாமி."

"செல்லசாமி யாரு?"

"அப்பா."

"ரெண்டும் சேந்தா?"

"செல்லசாமி மதுரன். முழுப்பேரு."

"அப்ப கேளு. மதுரன் ஒன்னோடது. அத யாரும் வெட்ட முடியாது. அரைப்பேர் போட்டாலும் மதுரன் ஒங்கிட்ட இருக்கும். மத்தப் பாதி வேற ஆளுக்குப் போகாது. அது அப்பாகிட்ட இருக்கு."

அவன் கானில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி யோசித்தான்.

"அப்பா குடுப்பாங்களா?"

காளியாயி தலைச் சாக்கை எடுத்து உதறினாள். மகனுக்குப் பதில் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டிருந்தாள். "நீயே கேளுடா" என்றாள்.

வீட்டில் செல்லசாமி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "அதுக்கு நான் என்ன செய்யணும்ங்கிற?"

"காலையில பெரட்டுல கேப்பான். குடுங்க."

"என்னத்தக் குடுக்குறது? எரநூறு பேருக்கு முன்னால வச்சு நான் ஒன் மகனோட கூத்துக் கட்டணுமா? ஏற்கனவே ஒரு தரம் தேருக்கு முன்னால கட்டினது போதாதா?"

"அன்னைக்குத் தோள்ல தூக்கிட்டு வந்தீங்களே, அத நான் மறக்கல" என்றாள் காளியாயி. "அந்தத் தோளுக்குத்தான் கேக்குறேன். நாளைக்கும் அவன் வாய் தெறக்கலேன்னா ஞாயித்துக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க வரவும் வேணாம்."

மதுரன் அன்று ரொட்டி தின்றான். செல்லசாமி தன் பங்கை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

சனிக்கிழமை காலை மூடுபனி பெரட்டுக்களத்துக்குள்ளேயே வந்து நின்றது. விஷயம் அதற்குள் எல்லா லயத்துக்கும் போயிருந்தது. ராசம்மாவுக்கு ஒரு காது கேட்டால் போதும். கவ்வாத்து ஆட்கள் ஒரு பக்கம், கொழுந்துப் பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தவறணை ஆட்கள். கண்டாக்கு ஐயா பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"மதுரன்."

மதுரன் பதில் சொல்லாமல் வரிசையை விட்டு வெளியே வந்தான். "ஏய், எங்கடா?" என்றார் கண்டாக்கு ஐயா. அவன் நேரே கவ்வாத்து வரிசைக்குப் போய்த் தகப்பனுக்கு முன்னால் நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை, தகப்பனின் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

"அப்பா, பாதி குடுங்க."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். செல்லசாமி கத்தியைச் சாக்கில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டது. காளியாயி எதிர் வரிசையில் கூடையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கெல்லாம் அந்த மனிதனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"செல்லசாமி" என்றான், தன் பேரையே அடுத்தவன் பேர் மாதிரி மெல்லமாக. பிறகு, மழைக்காலத்துக் கதவைத் திறப்பதுபோல் கஷ்டப்பட்டு மற்றதையும் சொன்னான்: "மதுரன்."

மதுரன் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றான். "இருக்கேங்க!" என்றான், வழக்கமான அந்தச் சத்தத்தோடு. கண்டாக்கு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

பெரட்டு கலையும்போது காளியாயி புருஷனுக்குப் பக்கத்தால் நடந்தாள். "ஞாயித்துக்கெழம?" என்று கேட்டாள்.

"பொறு" என்றான் அவன், அவளைப் பார்க்காமலே. "அடுத்த ஞாயிறு பாப்போம்."

அதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடுதியில் கட்டில் இருந்தது. காளியாயிக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது. வற்புறுத்திப் பிடுங்கிய பேர் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பீலியடியில் நாங்கள் பேசிக்கொண்டோம்.

அன்று பின்னேரம் வேலை விடுகிற நேரம் அழகுமுத்து கங்காணிக்கு வெற்றிலையை மென்று முடிக்க முடியவில்லை. பாத்தியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "மதுரா, இன்னைக்கும் அரைதான்டா" என்றார், பயந்துகொண்டே.

மதுரன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். பீலிக்குக்கூடப் போகாமல் ரோட்டில் ஏறிக் கானைக் கடக்கிற சின்னப் போக்குப்பாலத்தின் மேல் நின்றான். பாலத்துக்கு எதிரேதான் கவ்வாத்து மலை. மூடுபனி மறுபடியும் இறங்கியிருந்தது. ஆட்கள் இறங்கி வருகிற செருப்புச் சத்தமும் மூக்கனின் பேச்சும் கேட்டன. ஒருவர் முகமும் தெரியவில்லை.

"அப்பா!" என்று மதுரன் மலையைப் பார்த்துக் கத்தினான். "இன்னைக்கு அரை! பாதி இருக்கா?"

செருப்புச் சத்தம் நின்றது. மூக்கனின் பேச்சும் நின்றது. தோளில் கொழுந்துப் பையோடு ரோட்டில் வந்த நாங்களும் நின்றோம். அந்தப் பனிக்குள் செல்லசாமி பேசாமல் இருந்திருக்கலாம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. காலையில் இருந்த கட்டாயமும் இப்போது இல்லை, காளியாயி இன்னும் கொழுந்து நிறுக்கிற இடத்தில்தான் நின்றாள்.

"இருக்குடா மதுரா!"

மலைக்கு மேலிருந்து வந்தது அந்தக் குரல். இத்தனை வருஷத்தில் செல்லசாமி அப்படிச் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை.

"எங்கிட்டத்தான் இருக்கு! அங்கயே நில்லு, இந்தா வந்துட்டேன்!"

மதுரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். செருப்புச் சத்தம் ஒன்று மட்டும் தனியாக, வேகமாக, அவன் நின்ற பக்கம் இறங்கியது.

"ஆமா" என்றான் மதுரன், எங்களைப் பார்த்து. "வாறாங்க."